அசல் எவ்வளவு குறைந்தது? தென்னாப்பிரிக்காவில் கிரெடிட் கார்டு கடனை அடைப்பது பற்றி

ஜோகன்னஸ்பர்க் வந்த புதிதில் ஒரு கடையில் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினேன். கார்டை நீட்டியதும் கல்லாவில் இருந்த பெண், "பட்ஜெட்டா, ஸ்ட்ரெயிட்டா?" என்று கேட்டார். பட்ஜெட் என்றால் நமக்குத் தெரிந்தது சிக்கனம்தானே? அதையே சொன்னேன். "எத்தனை மாதம்?" என்றார். இருபத்து நான்கு என்றேன். இரண்டு வருடத் தவணைக் கடனுக்கு நான் ஒப்புக்கொண்டேன் என்பதும், அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிட்டது என்பதும் மாதம் முடிந்து ஸ்டேட்மெண்ட் வந்தபோதுதான் புரிந்தது.

நம்மில் பலர் இந்த நாட்டுக் கடன் முறையை இப்படித்தான் கற்றுக்கொள்கிறோம், பணம் கட்டிக் கற்றுக்கொள்கிறோம். போன வருடம் மிட்ராண்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி தன் ஸ்டேட்மெண்டுகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "அக்கா, ஒரு மாசம்கூடத் தவறாமக் கட்டுறேன். கடன் மட்டும் அப்படியே நிக்குது" என்றான். கார்டில் 30,000 ராண்ட். ஒரு துணிக்கடை அக்கவுண்டில், அதாவது கடையே கடனுக்குத் தரும் கணக்கில், 1,500 ராண்ட். ஊருக்கு டிக்கெட், தங்கை கல்யாணத்துக்கு அனுப்பியது, மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் என்று எல்லாம் நியாயமான செலவுகள். ஊதாரித்தனம் எதுவும் இல்லை.

அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "போன மாசம் நீ கட்டினதில் அசல் எவ்வளவு குறைஞ்சது?" அவனுக்குத் தெரியவில்லை. ஸ்டேட்மெண்டில் அந்த எண் நேராக இருப்பதில்லை. நாமே கழித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு எண்ணைப் பற்றித்தான்.

வட்டி எப்போது தொடங்குகிறது

இங்குள்ள வங்கிகள் பெரும்பாலும் "55 நாள் வரை வட்டி இல்லை" என்று சொல்லும். அந்த "வரை" முக்கியம். ஸ்டேட்மெண்ட் சுழற்சி சுமார் 30 நாள், அதற்குப் பிறகு கட்டுவதற்கு சுமார் 25 நாள். சுழற்சியின் முதல் நாளில் வாங்கிய பொருளுக்கு 55 நாள் கிடைக்கும். கடைசி நாளில் வாங்கியதற்கு 25 நாள்தான். இந்தச் சலுகைகூட, ஸ்டேட்மெண்டில் உள்ள முழுத் தொகையையும் கெடு நாளுக்குள் கட்டுபவர்களுக்குத்தான். பாக்கி வைத்தால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடுவார்கள். ஏடிஎம்மில் கார்டைப் போட்டு ரொக்கம் எடுத்தால் இந்தச் சலுகை இல்லை. நான் சொன்ன பட்ஜெட் தவணைக்கும் பொதுவாக இல்லை.

வட்டி எவ்வளவு? அதற்கு இங்கே சட்டப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் 2007 ஜூன் முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் 2016-இல் வந்த விதிகளின்படி, கிரெடிட் கார்டு, ஸ்டோர் அக்கவுண்ட் போன்றவற்றுக்கு ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரிப்போ விகிதத்துக்கு மேல் 14 சதவீதம் வரை வாங்கலாம். ரிப்போ 2025 ஜூலை இறுதியில் 7 சதவீதம் ஆனது. ஆக அப்போதைய உச்சவரம்பு 21 சதவீதம். கீழே உள்ள கணக்கெல்லாம் இந்த 21-ஐ வைத்துத்தான். உங்கள் கார்டில் குறைவாக இருக்கலாம், ஸ்டேட்மெண்டைப் பாருங்கள்.

இந்த வட்டி நிலையானது இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். 2021-இன் நடுவில் ரிப்போ வெறும் 3.5 சதவீதம். 2023 மே மாதம் அது 8.25-க்கு ஏறியது. மலிவான காலத்தில் வாங்கிய கடனின் மேலேயே வட்டி ஏறியது. அந்த இரண்டு வருடத்தில் பல வீடுகளில் துண்டு விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

30,000 ராண்டுக்கு 21 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 17 ராண்ட் சொச்சம். ஏறக்குறைய ஒரு ரொட்டி விலை. காலையில் எழுந்ததும் ஒரு ரொட்டியை வாங்கி யாரிடமோ கொடுப்பது போல. அதனால்தான் 25-ஆம் தேதி சம்பளம் வந்தால் அன்றைக்கே கார்டுக்குப் போடச் சொல்கிறேன். கெடு அடுத்த மாதம் பத்தாம் தேதி என்று காத்திருந்தால், வட்டி தினக்கணக்கில் ஓடுவதால், அந்தப் பதினைந்து நாளும் பணம் அங்கே வேலை செய்யாமல் இங்கே சும்மா கிடக்கும். இங்கே கிடந்தால் செலவாகியும் போகும்.

குறைந்தபட்சத் தொகை என்னும் பொறி

தம்பி செய்துகொண்டிருந்தது இதுதான். ஸ்டேட்மெண்டில் "குறைந்தபட்சம் கட்ட வேண்டியது" என்று போட்டிருக்கும் தொகையை மாதாமாதம் கட்டினான். வங்கிக்கு வங்கி மாறினாலும், பெரும்பாலும் அது பாக்கியில் இத்தனை சதவீதம் என்ற கணக்குதான். அவனுக்கு 5 சதவீதம்.

முதல் மாதம் 30,000-க்கு 1,500 ராண்ட். மீதி 28,500. அதற்கு ஒரு மாத வட்டி, 1.75 சதவீதம், சுமார் 499 ராண்ட். அடுத்த ஸ்டேட்மெண்டில் 28,999 நிற்கும். 1,500 கட்டினான், கடன் ஆயிரம்தான் குறைந்தது. மூன்றில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விட்டது. சரி, ஆயிரமாவது குறைந்ததே என்று தோன்றும். பிரச்சினை அடுத்த மாதம் வருகிறது. இப்போது குறைந்தபட்சம் 1,450 ராண்ட். அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் குறைவு. கடன் குறையக் குறைய, கேட்கும் தொகையும் குறைகிறது. ஒரு வருடம் கழித்து ஏறக்குறைய 1,000 ராண்டுதான் கேட்பார்கள். மூன்று வருடம் கழித்து 440-தான். கையில் கொஞ்சம் பணம் மிச்சப்படுவதால் நமக்கும் சந்தோஷம். ஆனால் கடன் நகரும் வேகம் மாதாமாதம் தளர்கிறது.

இப்படியே போனால், கார்டில் புதிதாக ஒரு ராண்ட்கூடச் செலவழிக்காமல் இருந்தாலும், 30,000 ராண்ட் 1,000-க்கு இறங்கவே நூறு மாதம் ஆகும். எட்டு வருடம் நான்கு மாதம். கட்டிய வட்டி சுமார் 14,400 ராண்ட். அப்போதும் ஆயிரம் ராண்ட் பாக்கி நிற்கும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். முதல் மாதம் கட்டிய அதே 1,500-ஐ, வங்கி குறைத்துக் கேட்டாலும் குறைக்காமல், மாதாமாதம் கட்டுவோம். கூடுதலாக எதுவும் வேண்டாம், எங்கேயும் புதிதாகப் பணம் தேட வேண்டாம். 25-ஆவது தவணையில் கடன் முடிந்துவிடும். வட்டி சுமார் 6,400. எட்டு வருடம் இரண்டு வருடமாகச் சுருங்குகிறது. 2,000 ராண்ட் கட்ட முடிந்தால் 18 தவணை, வட்டி சுமார் 4,400.

இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது தம்பி நம்பவில்லை. அவனே கணிப்பொறியில் அட்டவணை போட்டுப் பார்த்தான். நீங்களும் போட்டுப் பாருங்கள்: பாக்கி, கட்டியது, மீதிக்கு வட்டி, புதிய பாக்கி என்று நான்கு கட்டம் போதும். யாரோ சொல்லிக் கேட்பதைவிட உங்கள் கணக்கை நீங்களே இறக்கிப் பார்த்தால் மனதில் தங்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இன்றைய ஸ்டேட்மெண்டில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மேலே கொஞ்சம் சேர்த்து ஒரு முழு எண்ணாக்குங்கள். அதுதான் இனி உங்கள் தவணை. கடன் தீரும் வரை அது இறங்கக் கூடாது. வங்கி தானாகப் பணம் பிடிக்கும் டெபிட் ஆர்டர் குறைந்தபட்சத் தொகையைத்தான் பிடிக்கும் என்றால், மீதியைச் சம்பள நாளன்று தானாகவே போகும்படி உங்கள் வங்கிச் செயலியில் அமைத்துவிடுங்கள். மாதாமாதம் மனதைத் தயார் செய்துகொண்டு கட்டலாம் என்று விட்டால் ஏதாவது ஒரு மாதம் கை தயங்கும்.

எதை முதலில் முடிப்பது

ஒன்றுக்கு மேல் கடன் இருந்தால் எதில் தொடங்குவது என்பதில் இரண்டு கட்சி உண்டு. வட்டி கூடியதை முதலில் முடி, அதுதான் கணக்குப்படி லாபம் என்பார்கள் ஒரு சாரார். சின்னதை முதலில் முடி, ஒரு கடன் ஒழிந்த தெம்பில் அடுத்ததை முடிக்கலாம் என்பார்கள் மற்றவர்கள். பொதுவாக முதல் கட்சிக்கு அறிவு, இரண்டாவதுக்கு மனசு என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

தென்னாப்பிரிக்காவில் விஷயம் அப்படி இல்லை, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இங்கே ஒவ்வொரு கடன் கணக்குக்கும் வட்டி தவிர மாதச் சேவைக் கட்டணம் என்று ஒன்று வாங்கலாம். 2016 விதிப்படி உச்சவரம்பு 60 ராண்ட், அதற்கு மேல் 15 சதவீத வாட் சேர்த்தால் 69 ராண்ட். கடன் முப்பதாயிரமாக இருந்தாலும் ஆயிரமாக இருந்தாலும் இதே வரம்புதான்.

தம்பியின் துணிக்கடை அக்கவுண்டில் 1,500 ராண்டுதான் பாக்கி. அதற்கு மாதம் 69 ராண்ட் கட்டணம். வருடத்துக்கு 828 ராண்ட். பாக்கியோடு ஒப்பிட்டால் 55 சதவீதம்! இதற்கு மேல்தான் வட்டி. கார்டின் 21 சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் கண்ணுக்கு இது படவே இல்லை. சின்னக் கணக்குதானே என்று அதை ஓரமாக விட்டிருந்தான். சின்னக் கணக்குகள்தான் இந்த நாட்டில் அதிகம் கடிக்கின்றன. துணிக்கடை ஒன்று, செருப்புக்கடை ஒன்று, ஃபர்னிச்சர் கடை ஒன்று என்று வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறுதான். ஆனால் மூன்றுக்கும் சேர்த்து மாதம் இருநூறு ராண்டுக்கு மேல் கட்டணமே போகும்.

அதனால் என் தீர்மானம்: சின்ன ஸ்டோர் அக்கவுண்டுகளை முதலில் முடியுங்கள். மனத்தெம்புக்காக மட்டுமில்லை, கணக்கும் அதைத்தான் சொல்கிறது. முடித்த கையோடு கணக்கை மூடும்படி எழுத்தில் கேளுங்கள். பாக்கி பூஜ்யம் ஆனாலும் கணக்கு திறந்தே இருந்தால் கட்டணம் ஏறக்கூடும். அப்புறம் மிஞ்சும் பணத்தை வட்டி கூடிய கடனுக்குத் திருப்புங்கள்.

தம்பியால் இரண்டுக்கும் சேர்த்து மாதம் 2,300 ஒதுக்க முடிந்தது. கார்டுக்கு 1,500, துணிக்கடைக்கு 800. இரண்டே மாதத்தில் துணிக்கடை முடிந்தது. மூன்றாவது மாதத்திலிருந்து 2,300 முழுவதும் கார்டுக்கு. இப்படிப் போனால் மொத்தம் சுமார் 16 மாதம். கார்டின் கட்டணங்களையும் சேர்த்தால் ஒன்றிரண்டு மாதம் கூடலாம்.

ஸ்டேட்மெண்டைப் பார்க்கும்போது கடன் காப்பீடு என்றொரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2017 முதல் இதற்கும் வரம்பு உண்டு, வீட்டுக்கடன் அல்லாதவற்றுக்கு ஆயிரம் ராண்டுக்கு மாதம் 4.50 ராண்ட். 30,000-க்கு 135 ராண்ட். உங்களிடம் ஏற்கெனவே பொருத்தமான காப்பீடு இருந்தால் அதை ஈடாகக் காட்டி இதை நீக்கக் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டு நீக்காதீர்கள். ஆட்குறைப்பில் வேலை போனால் இந்தக் காப்பீடு பன்னிரண்டு மாதம் வரை தவணையைக் கட்டும். வேலை இழந்து, கடனும் கட்ட முடியாமல் தவிக்கும்போது, வருடக்கணக்கில் சந்தா கட்டிய காப்பீடு ஒன்று கையில் இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து முதலில் இதைச் சொல்லுங்கள்.

கடனை வைத்துக் கடனை அடைப்பது

எல்லாக் கடனையும் சேர்த்து ஒரே கடனாக்கித் தருகிறோம் என்று குறுஞ்செய்தி வரும். ஒரே தவணை, குறைந்த தவணை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஈடில்லாத் தனிநபர் கடனுக்கு இங்கே சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு ரிப்போவுக்கு மேல் 21 சதவீதம், அதாவது 7 சதவீத ரிப்போவில் 28. கார்டுக்கோ 21. தனிநபர் கடன் என்றால் கார்டைவிட மலிவு என்று நம்மூர்ப் பழக்கத்தில் நினைத்துக் கையெழுத்துப் போட்டால் வட்டி கூடவே போகலாம். தொடக்கக் கட்டணம் என்று 1,050 ராண்ட் வரைக்கும் அதன் தலையில் ஏறும். தவணை குறைந்ததற்குக் காரணம் வருடம் கூடியதுதான். எழுத்தில் உள்ள வட்டி விகிதத்தையும் கட்டப்போகும் மொத்தத் தொகையையும் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம்.

வீட்டுக்கடனில் இருந்து எடுத்துக் கார்டை அடைக்கலாம் என்று சொந்த வீடு உள்ளவர்கள் கேட்பார்கள். வட்டி பாதிதான். வங்கிகள் வீட்டுக்கடனுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் விகிதம் ரிப்போவைவிட 3.5 கூடுதல், ஆக அதே 7 சதவீத ரிப்போவில் 10.5. ஆனால் அந்த 30,000 ராண்டை இருபது வருடத்துக்கு விட்டால் தவணை மாதம் 300 ராண்ட், மொத்த வட்டி ஏறக்குறைய 42,000 ராண்ட். பாதி வட்டியில் ஆறு மடங்குக்கு மேல் வட்டி! அதே 1,500-ஐ மாதாமாதம் வீட்டுக்கடனில் கூடுதலாகப் போட உங்களுக்கு உறுதி இருந்தால் மட்டும் இது நல்ல வழி.

2024 செப்டம்பரில் வந்த "இரண்டு பானை" ஓய்வூதிய முறைக்குப் பிறகு, ஓய்வூதியப் பணத்தில் இடையில் எடுக்க விடும் பங்கான சேமிப்புப் பானையிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். நிறையப் பேர் கடனை அடைக்க எடுத்தார்கள். எடுக்கும் பணம் வருமானமாகக் கணக்காகி உங்கள் உச்ச விகிதத்தில் வரி பிடிக்கப்படும். 31 சதவீத வரிப் படியில் இருப்பவர் கையில் 10,000 வர வேண்டுமென்றால் பானையிலிருந்து சுமார் 14,500 போக வேண்டும். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. தம்பியிடமும் வேண்டாம் என்றே சொன்னேன். வழக்கு வரும் நிலையில் இருந்தால் யோசிக்கலாம்.

நம்மவர்களிடம் இருக்கும் நல்ல வழி ஒன்று சீட்டு. இந்த நாட்டு மக்கள் அதையே ஸ்டாக்வெல் என்கிறார்கள். பத்துப் பேர், மாதம் ஆயிரம், மாதம் ஒருவருக்குப் பத்தாயிரம். ஏலம் இல்லாத இந்த வகையில், முதல் சில மாதங்களுக்குள் உங்கள் முறை வந்தால் அது வட்டியில்லாக் கடன். அப்படியே கார்டில் போட்டுவிடலாம். கடைசி முறை உங்களுடையது என்றால் நிலைமை நேர் எதிர். வட்டி இல்லாத இடத்தில் சேமித்துக்கொண்டு, 21 சதவீதக் கடனை வளர விடுகிறீர்கள். குழுவில் நிலைமையைச் சொல்லி முறையை மாற்றிக் கேளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம், அதற்குத்தானே குழு.

எந்த நெருக்கடியிலும் போகக் கூடாத இடம் மஷோனிசா, அதாவது பதிவு இல்லாமல் தெருவில் வட்டிக்கு விடுபவர். ஊரில் கந்துவட்டி என்போமே, அதுதான். அடையாள அட்டையையோ வங்கி கார்டையோ ரகசிய எண்ணையோ பிடித்து வைத்துக்கொண்டு வசூல் செய்வது இந்த நாட்டில் சட்ட விரோதம்.

ஓட்டையை அடைப்பது

கட்டிக்கொண்டே அதே கார்டில் செலவும் செய்தால் அசல் எவ்வளவு குறைந்தது என்ற கேள்விக்கே பதில் கிடைக்காது. கடன் தீரும் வரை அந்த கார்டு பையில் இருக்க வேண்டாம். மளிகை, பெட்ரோல் எல்லாம் டெபிட் கார்டில். வரம்பை உயர்த்துகிறோம் என்று வங்கி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் தானாக உயர்த்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கணக்குத் தொடங்கும்போது "வருடா வருடம் உயர்த்தலாம்" என்ற கட்டத்தில் டிக் செய்திருந்தால் அதை எழுத்தில் திரும்பப் பெறுங்கள்.

கைக்காவலாக ஒரு சின்னத் தொகையும் வேண்டும். மூவாயிரம், ஐந்தாயிரம் ராண்ட். கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று கேட்பார்கள். குளிர்காலத்தில் கீசர் வெடிக்கும், சாலைக் குழியில் டயர் போகும். கையில் இது இல்லாவிட்டால் மறுபடி கார்டைத்தான் எடுப்போம், இரண்டு மாத உழைப்பு ஒரே நாளில் போகும்.

வருடத்தில் ஒரு காலம் எல்லோருக்கும் சறுக்கும். பல கம்பெனிகளில் டிசம்பர் சம்பளம் கிறிஸ்மஸுக்கு முன்பே, மாத நடுவிலேயே வந்துவிடும். அடுத்தது ஜனவரி 25. நாற்பது நாள் ஓட்ட வேண்டும். நடுவில் விடுமுறைச் செலவு, ஊர்ப் பயணம், ஜனவரியில் பள்ளி திறப்பு, சீருடை. தீபாவளிக்கு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தவர்கள்கூட இங்கே விழுந்துவிடுகிறார்கள். டிசம்பர் சம்பளம் வந்த அன்றே ஜனவரித் தவணையையும் சேர்த்துக் கார்டில் போட்டுவிட முடிந்தால் போடுங்கள். கெடுவைக் கணக்கில் வைத்து, ஜனவரியில் கேட்கும் குறைந்தபட்சத்துக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பதும் நல்லது.

கட்டவே முடியாத நிலை வந்தால்

தவணை தவறத் தொடங்கினால் கடன் கொடுத்தவர் ஒரு கடிதம் அனுப்புவார். சட்டத்தின் 129-ஆம் பிரிவுப்படி வரும் கடிதம். அதைப் பிரிக்காமல் மேசையில் போட்டு வைப்பவர்கள் நிறைய. பிரியுங்கள். அது வழக்கு இல்லை, வழக்குக்கு முந்தைய அறிவிப்பு. நீங்கள் குறைந்தது 20 வேலை நாள் தவணை தவறியிருந்து, கடிதம் வந்து 10 வேலை நாளும் கழிந்த பிறகுதான் அவர்கள் நீதிமன்றம் போக முடியும். அந்த அவகாசத்தில் நீங்களே பேசலாம், குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அல்லது கடன் ஆலோசகரிடம் போகலாம். அந்தக் கடனுக்கு அவர்கள் வழக்குத் தொடுத்துவிட்டால் பிறகு அதை ஆலோசகரின் திட்டத்தில் சேர்க்க முடியாது. அதனால் முந்துங்கள்.

அந்தத் திட்டத்துக்குப் பெயர் டெப்ட் ரிவியூ. தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்த ஆலோசகர் உங்கள் வரவு செலவைப் பார்த்து, எல்லாக் கடன்காரர்களோடும் பேசி, தாங்கக்கூடிய தவணை ஒன்றை அமைப்பார். பிறகு நீதிமன்ற ஆணை பெறுவார். அது முடியும் வரை புதுக் கடன் வாங்க முடியாது. வீட்டுக்கும் காருக்கும் ஆபத்து வந்தவர்களுக்கு இது உண்மையான பாதுகாப்பு. தம்பியைப் போல் குறைந்தபட்சமாவது கட்ட முடிகிறவர்களுக்குத் தேவையில்லை. ஃபோனில் கூப்பிட்டு "தவணையைப் பாதியாக்குகிறோம், அடையாள எண் மட்டும் சொல்லுங்கள்" என்பவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். உள்ளே போவது எளிது, வெளியே வர நீதிமன்றம் போக வேண்டி வரும். பதிவு எண்ணைக் கேட்டு ஆணையத்தில் சரிபார்த்த பிறகு பேசுங்கள்.

இன்னும் இரண்டு பாதுகாப்புகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, தவணை தவறிய காலத்தில் ஏறும் வட்டி, கட்டணம், வசூல் செலவு எல்லாம் சேர்த்து, தவறிய அன்று நின்ற அசலைத் தாண்டக் கூடாது. 10,000 நின்றால் மேலே அதிகபட்சம் இன்னொரு 10,000. ரோமானிய-டச்சுச் சட்டத்திலிருந்து வந்த இந்த விதியை இன் டூப்ளம் என்பார்கள். நம் பழைய இந்துச் சட்டத்திலும் தாம்துபட் என்று இதே விதி உண்டு என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வட்டி அசலை மிஞ்சக் கூடாது என்று கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் யோசித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பழைய கடன். கிரெடிட் கார்டு போன்ற கடனில் மூன்று வருடம் நீங்கள் எதுவும் கட்டாமல், கடனை ஒப்புக்கொள்ளாமல், நீதிமன்ற அழைப்பாணையும் வராமல் இருந்தால் அது காலாவதியாகிவிடும். அப்படிப்பட்ட கடனை மொத்தமாக வாங்கிக்கொண்டு கூப்பிடுகிறவர்கள் உண்டு. "நல்லெண்ணத்துக்கு ஒரு ஐம்பது ராண்ட் போடுங்கள்" என்பார்கள். மூன்று வருடம் முடியுமுன் அப்படி ஒப்புக்கொண்டால் காலம் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். எப்போதுடைய கடன், கடைசியாக எப்போது கட்டப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள், அதுவரை எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். நீதிமன்றத் தீர்ப்பு வந்த கடனுக்கு இது பொருந்தாது, அதற்கு முப்பது வருடம்.

தம்பி இப்போது ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதி இரவு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு எண் மட்டும் அனுப்புகிறான். முதல் மாதம் 1,001 என்று வந்தது. மூன்றாவது மாதம் 1,851. கூடிக்கொண்டே போகும் அந்த எண், அந்த மாதம் குறைந்த அசல். கடன் முடிகிற அன்று வங்கியிடமிருந்து "முழுவதும் கட்டப்பட்டது" என்ற கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒரு கோப்பு இப்போதே வாங்கி வைத்துவிட்டானாம்.